குமுதா அழவில்லை

காலை பத்து மணி இருக்கும். அழைப்பு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆழ்வார்பேட்டையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் அப்படி யாரும் மணி அடிக்க மாட்டார்கள். கூரியர்காரர்கூட ஒரு தடவை தொட்டுவிட்டு, தப்பு செய்த முகத்தோடு தள்ளி நிற்பார்.

"யாருய்யா அது? இங்க யாரும் செவிடு இல்ல!" என்று கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் ஒரு பெண். நாற்பதைத் தாண்டிய வயது. மூன்று மாடி ஏறி வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. ஒரு கையில் சுவரிலிருந்து உரித்தெடுத்த போஸ்டர். அதன் பின்புறம் மைதாப் பசை காயவில்லை, அவள் முழங்கை வரை ஒழுகியிருந்தது. இன்னொரு கையில் ஒரு முழு ரோஜா மாலை.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக என் கணினித் திரையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்துக்கு மேலிருக்கும் சின்னத் தழும்புவரை அத்துப்படி. நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"நீங்க... குமுதாதானே?"

"இன்னாத்துக்குக் கேக்கற? அதான் என்னிய சாவடிச்சிட்டியே!"

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளே வந்தாள். செருப்பை மட்டும் வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தாள். என் மேசைக்கு நேராகப் போனாள். திரையில் அவள் முகம்தான் இருந்தது, ஓர் ஆவணப்பட விழாவுக்கான பெரிய பேனர் வேலையில் இருந்தேன். தன் முகத்தைத் தானே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அந்த மாலையை எடுத்துத் திரையின் மேல் போட்டாள்.

"இந்தா. என் தங்கச்சி வேணி வாங்கியாந்த மாலை. வியாசர்பாடிலேர்ந்து நெஞ்சுல அடிச்சுகினு வந்தா, பாவி. அவ ஊட்டுக்காரன் ஆட்டோ ஓட்றவன். சைதாப்பேட்ட பாலத்தாண்ட இத்தப் பாத்துட்டு, 'உங்கக்கா பூட்டாடி'ன்னு போன் பண்ணிக்கீறான். வந்து பாத்தா நான் ரயிலு ஸ்டேசனாண்ட நின்னு வடை சுட்டுகினு கீறேன்! போஸ்டரு அடிச்ச எடத்துல உன் விலாசம் கேட்டுகினு நேரா வரேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் போஸ்டரை விரித்துத் தரையில் போட்டாள்.

பிறகு புரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் ஒரு சிறு கோடு

என்ன செய்திருந்தேன் என்று சொல்கிறேன்.

ரகு என் கல்லூரி நண்பன், மயிலாப்பூர்க்காரன். எனக்கு ஒரு வருடம் மூத்தவன், ஆவணப்படம் எடுக்கிறவன். அடையாற்றின் கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் இருந்த குடிசைப் பகுதியை இடித்து, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய்ப் போட்டார்கள் அல்லவா, அந்த இடிப்பை நாள்கணக்கில் நின்று படம் பிடித்திருந்தான். படத்தின் பெயர் 'கதவு எண்'. இடிப்பதற்கு முன் அதிகாரிகள் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நீலப் பெயின்ட்டில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வந்த பெயர்.

போஸ்டர், அழைப்பிதழ், படத்தின் தொடக்க எழுத்துகள், விழா பேனர் என்று எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்றான். அது என் வேலை. தலைப்பின் எழுத்துகளை அந்தக் கதவு எண்களைப் பார்த்தே வரைந்தேன், அவசரமாகத் தூரிகையை இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிற ஒருவனின் கை அதில் தெரிய வேண்டும் என்பதற்காக. அதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை.

முகம்தான் குறை.

ரகு எடுத்த மொத்தப் பதிவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்திருந்தான். என் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டில் தேடும்போது நான் சத்தத்தை அணைத்துவிடுவேன். காது ஓய்ந்தால் கண் நன்றாக வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு. அப்படிச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணின் முகம் வந்தது. கண் நிறையத் தண்ணீர், பாதி திறந்த உதடு, கன்னத்தில் புழுதி. நிறுத்தினேன். இதுதான் படம் என்று முடிவு செய்தேன். ரகுவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டு, "கலை, எனக்கு அழுகையே வந்துடுத்து" என்றான்.

வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். முகத்தை நடுவில் வைத்தேன். கீழே தலைப்பு. அதற்கும் கீழே, அந்தக் குடியிருப்பு உருவான ஆண்டு, நடுவில் ஒரு சிறு கோடு, அது இடிக்கப்பட்ட ஆண்டு. ஒரு மக்கள் கூட்டத்தின் ஆயுளை ஒரே வரியில் சொல்லிவிட்டேனாம். எளிமை, எளிமை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மக்களும் திரையிடலுக்கு வரவேண்டும் என்று சைதாப்பேட்டைச் சுவர்களில் நூறு போஸ்டர் ஒட்டச் சொன்னான் ரகு. அச்சகத்தில் காலையில் கோப்பைக் கொடுத்தேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் நாலு நாள் இழுத்தடிக்கும் மனிதர், அன்றைக்கு மதியமே அடித்து, ஆள் விட்டு ஒட்டவும் செய்துவிட்டார். நானும் அவரைப் பாராட்டினேன். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா பாராட்டு" என்று அடக்கமாகச் சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று குமுதா வந்த பிறகுதான் தெரிந்தது. சாவு போஸ்டர் என்றால் எந்த அச்சகத்திலும் வரிசை கிடையாது. மற்ற வேலையை நிறுத்திவிட்டு அடித்துக் கொடுப்பார்கள்.

அப்பா சிரித்த போஸ்டர்

கறுப்பு வெள்ளை முகம், கீழே இரண்டு ஆண்டு, நடுவில் கோடு. சைதாப்பேட்டையில் எந்தச் சுவரில் இதை ஒட்டினாலும் அது ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும். பச்சைக் குழந்தைக்குத் தெரியும். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே எழுதக்கூடத் தேவையில்லை.

வெளியூர்க்காரர் ஒருத்தர் இந்தத் தப்பைச் செய்திருந்தால் சரி, போகட்டும் என்று விடலாம். நான் பிறந்ததே சைதாப்பேட்டையில்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர், "உங்களுக்கு ஏன் எல்லார் மேலும் கோபம் வருகிறது?" என்று எழுதிக் கேட்டிருந்தார். ஐயா, எல்லார் மேலும் வருவதில் பாதி என் மேல் வருவதுதான். இந்த வாரம் அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அவர் போய்விட்டார். ஸ்டாண்டில் இருந்த நண்பர்கள் அன்று மதியமே போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள். சந்தைச் சுவர், கோர்ட் எதிர்ச் சுவர், எங்கள் தெருமுனை டீக்கடை, எங்கே பார்த்தாலும் அப்பா. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர்த் துளி, கீழே பதினேழு நண்பர்களின் பெயர். அப்பா அதில் சிரித்துக்கொண்டிருந்தார், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்.

கல்லூரியில் நாலு மாதம் படித்த திமிர் எனக்கு. சாவு வீட்டில், அம்மா தலைவிரிகோலமாக உட்கார்ந்திருக்கும்போது, "என்ன போஸ்டர் இது, எழுத்துக்கு நிழல் வேற, எதுக்கு இத்தனை கலரு?" என்று கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேன்.

அப்பாவின் கூட்டாளி ஏழுமலை மாமாதான் பதில் சொன்னார். அழுது அழுது குரல் போயிருந்தது. "எய்த்த வுடு பாப்பா. ஒங்கப்பன் மூஞ்சி நல்லாத் தெரியுதா, அத்தப் பாரு."

பார்க்கவில்லை. தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அப்பா செத்தது ஒரு பக்கம் என்றால், அந்த எழுத்தின் நிழல் இன்னொரு பக்கம் என்னை அவமானப்படுத்தியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கும்.

அப்படிப்பட்ட நான், எதைப் பார்க்கக் கூசினேனோ அதே போஸ்டரை, விளக்கையும் பூவையும் எடுத்துவிட்டு, உயிரோடிருக்கும் ஒருத்திக்குச் செய்து ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கலை என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

சத்தத்தைப் போட்டோம்

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"செத்துட்டேன்னு நெனச்சாங்க, அது பேஜாரு இல்ல. இன்னா, என் ஆயுசு கெட்டின்னு வுட்டுட்டுப் போறேன். வடை துன்ன வந்தவன்லாம் என்னியப் பாத்து பேய் அறஞ்ச மாதிரி நின்னான், அதுகூட சிரிப்புதான். நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? என்னிய எதுக்கு அழ வெச்ச?"

"நான் அழ வைக்கலைங்க. நீங்க அழுதுட்டு இருந்த படத்தை..."

"யாரு அழுதா?" எழுந்து நின்றுவிட்டாள். "யாரு அழுதா? நான் அழுவல! அது பொகை! ஈர வெறகு! அடுப்பு எரிஞ்சுகினு இருந்துச்சு, புழுதி வேற. கண்ணுல தண்ணி வராம இன்னா செய்யும்? நான் திட்டிகினு இருந்தேன்!"

"திட்டிட்டு இருந்தீங்களா?"

"போட்டுப் பாரு. உங்கிட்டதான் கீதே."

ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். மாலையைத் திரையிலிருந்து எடுக்கப் போனேன், "அது கெடக்கட்டும்" என்றாள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். முதன்முறையாகச் சத்தத்தைப் போட்டேன்.

குமுதாவின் குரல் என் அறையில் இடி மாதிரி இறங்கியது.

"நிறுத்துடா வண்டிய! உள்ள சோறு வெந்துகினு கீது! எவன்டா சொன்னது இடிக்கச் சொல்லி? அவன இங்க இட்டுகினு வா! பசங்க துன்னாம எங்கடா போவும்? சோறு வேவாம ஒரு செங்கல்லு வுழுந்துச்சு, மவனே, வண்டியோட உன்னிய ஆத்துல தள்ளிடுவேன்!"

பொக்லைன் எந்திரத்தின் கை அவள் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றது. ஓட்டுநர் பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நான் கண்ணால் பார்த்தேன், ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

சோறு வேகும்வரை வண்டி நின்றது. குமுதா உள்ளே போனாள். கஞ்சி வடித்தாள். அந்தச் சந்தின் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக உட்கார வைத்துப் போட்டாள். பானையைக் கழுவிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஓட்டுநரைப் பார்த்து, "இப்ப இடி" என்றாள்.

ரகுவின் படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறேன். இது அதில் இல்லவே இல்லை. அதில் குமுதாவின் கலங்கிய கண் வரும், உடனே இடிந்த சுவர் வரும், பின்னால் வயலின் வரும். அவ்வளவுதான்.

குமுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எங்க கட்டடத்துல லிஃப்ட் ஓடி மூணு மாசம் ஆவுது. ஏழாவது மாடில ஒரு புள்ளத்தாச்சி கீறா. ரெண்டு வேளை தண்ணி தூக்கிகினு ஏறுறா. ஹவுசிங் போர்டு ஆபீசுக்குப் போய் யாரு கேக்கறது? நான்தான். நான் உள்ள போனா அந்தாளு எய்ந்து நிப்பான். வாட்ச்ச பாத்துகினு நின்னானே, அதே ஆளுதான். இப்ப அந்த ஆபீசுலதான் வேல பாக்கறான். இவ வண்டிய நிறுத்துனவன்னு அவனுக்குத் தெரியும்."

"ம்."

"போன வாரம் போனேன். எய்ந்துக்கல. போன்ல உன் படத்த எடுத்துக் காட்றான். செவுத்துல ஒட்றதுக்கு முன்னாடியே நெட்ல வந்துடுச்சாம், யாரோ அனுப்பிக்கீறாங்க. 'பாவம்மா நீ, அழாத, உக்காரு, பாக்கலாம்'ன்றான். பாக்கலாமாம்! எங்க பொம்பளைங்களே, 'நீயும் அழுதுட்டியாக்கா'ன்னு கேக்குதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மேடம். நான் போனா அந்தாளு எய்ந்து நிக்கணும். அதுக்கு வழி பண்ணு."

மேடம் என்று அவள் சொன்னது சுருக்கென்று குத்தியது.

"நான் மேடமெல்லாம் இல்லக்கா. நானும் சைதாப்பேட்டதான். ஆட்டோ தணிகாசலம் பொண்ணு."

ஏற இறங்கப் பார்த்தாள். "நம்மூரு பொண்ணா நீ? தெரிஞ்சுமா இத்த செஞ்ச?"



மயிலாப்பூரில் ஆறிப்போன காபி

அன்று சாயங்காலமே ரகுவைக் கூப்பிட்டேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு காபிக் கடை உண்டு, அங்கே வரச் சொன்னான். காபி வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாவு போஸ்டர் விஷயத்துக்கு அவன் சிரித்தான். சரி, சிரிக்கட்டும். அது என் தப்பு.

"ஆண்டை எடுத்துடு, கலர்ல போட்டுடு. தீர்ந்தது" என்றான்.

"முகத்தை மாத்தணும் ரகு. அவங்க அழல."

"அழலைன்னு எனக்கும் தெரியுமே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "தெரியுமா?"

"எடிட் பண்ணினவனுக்குத் தெரியாதா? ஆனா அந்த ஃபிரேம்ல அழற மாதிரிதானே இருக்கு? நீதானே எடுத்துக் குடுத்தே?"

உண்மை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வண்டியை நிறுத்தினாங்களே, அதை எதுக்கு வெட்டினே?"

"சோறு வேகற வரைக்கும் பொக்லைன் காத்துண்டிருந்ததுன்னு காட்டினா ஜனங்க சிரிச்சுடுவா கலை. கை தட்டுவா. அப்புறம் இடிக்கறச்சே வலிக்காது. எனக்கு அது வலிக்கணும்."

"உனக்கு வலிக்கணும்னா உங்காத்தை இடிச்சுக்கோ. அவங்க வீட்டை ஒரு தடவை இடிச்சாச்சு."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. "கத்தாதே, எல்லாரும் பார்த்துண்டிருக்கா" என்றான்.

"பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். ஒரு பொம்பளை மிஷினையே நிறுத்தியிருக்கா. அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, புகை பட்ட கண்ணைக் காட்டிக் ஓசியில கண்ணீர் வாங்கறே. வெட்கமா இல்ல?"

அவன் முகம் சிவந்தது. கெட்டவன் இல்லை ரகு. அந்த இடிப்பின்போது வெயிலில் நாள்கணக்காக நின்றவன், காமிராவைப் பிடுங்க வந்தவர்களிடம் மல்லுக்கு நின்றவன். கெட்டவனாக இருந்தால் ஒரு திட்டோடு முடித்திருப்பேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கிறவனிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

"வெளியூர் விழாவுக்கெல்லாம் இந்தப் போஸ்டர் போயாச்சு" என்றான். "அங்கே இருக்கறவா எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. இனிமே மாத்த முடியாது. அடையாறு விழாத் திரையிடலுக்கும் இதே பேனர்தான். வேணும்னா சைதாப்பேட்டைச் சுவத்துல நீ என்ன வேணா ஒட்டிக்கோ. அங்கே யாரு பார்க்கப்போறா?"

யாரு பார்க்கப்போறா. என் அப்பாவைப் பார்த்த சுவர்கள் அவை.

காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். என் பெயரை எடுத்துவிடச் சொல்லி அன்றே எழுதினேன். எடுக்கவில்லை. இன்றைக்கும் இணையத்தில் 'கதவு எண்' என்று தேடினால் அந்தக் கலங்கிய கண்தான் வரும். அடியில், வடிவமைப்பு என்று போட்டு, என் பெயரும் வரும்.

வாய் இன்னும் திறக்கணும்

மறுநாள் மதியம், வடைக் கடையை மூடிவிட்டுக் குமுதா என் வீட்டுக்கு வந்தாள். மணியை ஒரே தடவைதான் அடித்தாள். தங்கச்சி வேணியும் கூட வந்திருந்தாள். மாலை வாங்கி வந்தவள்.

இந்த முறை நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தத்தைப் போட்டு ஓட்டினேன். குமுதா நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"நிறுத்து. அது இல்ல. கொஞ்சம் முன்னாடி போ."

"இதுவாக்கா?"

"வாய் இன்னும் தொறக்கணும்."

ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினேன். ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் "தோ!" என்று கத்தினார்கள். வாய் முழுதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தலைக்கு மேலே மஞ்சள் எந்திரத்தின் கை. அவளுடைய கை அதற்கு நேராக நீண்டிருந்தது, ஆனால் கலங்கலாக.

"கை தெளிவா இல்லக்கா. அசைஞ்சிடுச்சு" என்றேன். தொழில் புத்தி.

"ஆட்டாம எப்டி திட்றது?" என்றாள் வேணி.

அதையே வைத்தேன். வண்ணத்தை எடுக்கவில்லை. ஆண்டுகளை அழித்தேன், நடுவிலிருந்த கோட்டையும் அழித்தேன். நீல எழுத்துத் தலைப்பு அப்படியே இருந்தது. கீழே குமுதா சொன்னதையே எழுதினேன்: 'நிறுத்துடா வண்டிய! உள்ள சோறு வெந்துகினு கீது!' ஒற்றுப்பிழை பார்க்கவில்லை. எழுத்துக்கு ஒரு நிழலும் கொடுத்தேன், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமே. ஏழுமலை மாமா இப்போது இல்லை. இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

அச்சகக்காரரிடம் போனேன். "இது சாவு இல்லையேம்மா?" என்று உறுதி செய்துகொண்டு, நாலு நாள் ஆகும் என்றார். சரி என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் மூவரும் பசை வாளியோடு கிளம்பினோம். பாலம், சந்தை, கோர்ட் எதிர்ச் சுவர். பழைய போஸ்டர்மேலேயே புதியதை ஒட்டினோம். அழுகிற முகத்தின் மேல் குமுதா தானே பசை தடவினாள். ரொம்ப அழுத்தித் தடவினாள். பால் பாக்கெட்டோடு போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"குமுதா, நீ உயிரோடதான் கீறியா? யார்மா மேல இம்மாம் கோவம்?"

"இன்னா மாமா, பாத்தா தெரியல? எல்லார் மேலயும்தான்" என்றாள்.

அடையாறு விழாவில் படம் திரையிட்ட அன்று குமுதா போகவில்லை. நானும் போகவில்லை. அரங்கம் நிறைந்திருந்ததாம், பலர் அழுதார்களாம். ரகு செய்தி அனுப்பியிருந்தான். அழட்டும்.

ஒரு போஸ்டரை மட்டும் குமுதா சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, மதியம் போன் வந்தது. பின்னால் பெண்கள் நிறையப் பேர் பேசுகிற சத்தம்.

"கலை, நான்தான். ஆபீசாண்ட கீறேன். அந்தாளு நாற்காலிக்கு எதுர்ல தூண் ஒண்ணு கீதுல்ல? அதுல ஒட்டிட்டேன். நிமிந்தா என் மூஞ்சிலதான் முழிக்கணும்."

"லிஃப்ட் ஓடுதாக்கா?"

"எங்க ஓடுது? ஏதோ பார்ட்சு வரணுமாம். நாளைக்கும் வருவேன்னு சொல்லிட்டு வந்துகினு கீறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவனை என்ன செய்யலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"இரு, இரு. கேட்டுக்கோ. உள்ள போனேன்ல? எய்ந்து நின்னான்."